‘ஆல்தோ’ வந்தால் ‘பட்’ எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் போட்டித் தேர்வுப் பக்கத்தில் பட், ஆல்தோ, டெஸ்பைட், ஹவ்எவர், வேர்ஆஸ் ஆகிய ஐந்து ஆங்கிலச் சொற்களுக்கும் எதிரே ‘ஆனாலும்’ என்று ஒரே பொருளைப் போட்டு ஓர் அட்டவணை வந்திருந்தது. மனப்பாடம் பண்ண வசதிதான். வாக்கியம் எழுத உட்காரும்போது அதுவே காலை வாரிவிடும். ஐந்தும் பொருளில் பங்காளிகள். ஆனால் வாக்கியத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது.

நம் பள்ளிகளில் காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ், சிம்பிள் என்று வாக்கியத்தை மாற்றும் பயிற்சி உண்டு. ‘ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்’; ‘தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஆனஸ்ட்’; ‘இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் பாவர்ட்டி, ஹி இஸ் ஆனஸ்ட்’. மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். தோ, ஆல்தோ இரண்டுக்கும் பின்னால் பொதுவாக எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியம் வர வேண்டும். டெஸ்பைட், இன் ஸ்பைட் ஆஃப் இரண்டுக்கும் பின்னால் பெயர்ச்சொல்லோ, ‘இங்’ சேர்ந்த வடிவமோதான் வரும். ‘டெஸ்பைட் ஹி வாஸ் இல்’ தவறு. ‘டெஸ்பைட் ஹிஸ் இல்னஸ்’ அல்லது ‘டெஸ்பைட் பீயிங் இல்’ சரி. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் பொருளை யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம்; கோட்டுக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை வந்துவிடும். ‘டெஸ்பைட் ஆஃப்’ என்று ஒன்று இன்றைய ஆங்கிலத்தில் கிடையாது. ‘ஆஃப்’ வேண்டுமென்றால் ‘இன் ஸ்பைட்’டும் கூடவே வர வேண்டும்.

அதிகமாகக் கண்ணில் படும் பிழை, ‘ஆல்தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்’. ‘இரண்டு இணைப்புச் சொல் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போகிறோம், ஏன் வருகிறது என்று சொல்வதில்லை. ‘ஏழையாக இருந்தாலும் நேர்மையானவர்’ என்பதில் ‘ஆலும்’ நிற்பது இரண்டு கருத்தும் சேரும் இடத்தில். ஆங்கிலத்திலோ ஆல்தோ வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடுகிறது. சேரும் இடத்தில் வெறும் காற்புள்ளிதான் மிச்சம். தமிழ் பேசிப் பழகியவருக்கு அங்கே ஏதோ குறைவதாகத் தோன்றும், கை தானாகவே ‘பட்’ போட்டுவிடும். இதை ஒருமுறை விளக்கிவிட்டால் சிவப்பு மை மிச்சம்.

‘தோ’வுடன் ‘யெட்’ சேர்ந்து வரலாமே என்று சிலர் கேட்பார்கள். வரலாம். 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், யோபு 13:15இல், ‘தோ ஹி ஸ்லே மீ, யெட் வில் ஐ டிரஸ்ட் இன் ஹிம்’ என்று இருக்கிறது. இன்று அது பழைய நடை. அதைக் காட்டி ‘பட்’டுக்கு அனுமதி வாங்க முடியாது.

ஈவன் தோ, ஈவன் இஃப் குழப்பத்துக்கு மருந்து நம் மொழியிலேயே இருக்கிறது. ‘மழை பெய்தும் வந்தார்’ என்றால் மழை பெய்தது உறுதி. அது ஈவன் தோ. ‘மழை பெய்தாலும் வருவார்’ என்றால் பெய்யுமோ பெய்யாதோ தெரியாது. அது ஈவன் இஃப். பேச்சில் ‘மழை பெய்தாலும் வந்துட்டார்’ என்றும் சொல்கிறோம், குழப்பம் தொடங்குவது அங்கேதான். ‘பெய்தும்’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். ஒத்து வந்தால் ஈவன் தோ போடலாம்.

ஹவ்எவர் பொருளால் கெடுவதில்லை, நிறுத்தக்குறியால் கெடுகிறது. ‘த ரோடு வாஸ் பேட், ஹவ்எவர் வீ ரீச்ட் ஆன் டைம்’ என்று காற்புள்ளியால் ஒட்டுவது தவறு. அதற்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் காற்புள்ளி வேண்டும். அந்தப் பின் காற்புள்ளியை விட்டுவிட்டால் சில இடங்களில் அர்த்தமே மாறும்: ‘ஹவ்எவர் பேட் த ரோடு இஸ்’ என்றால் ‘சாலை எவ்வளவு மோசமாக இருந்தாலும்’. ‘பட்’டுக்கு நேர் எதிர் வழக்கம், காற்புள்ளி முன்னால் மட்டும்.

அட்டவணையில் இருக்கவே கூடாதது வேர்ஆஸ். அதற்கு ‘ஆனாலும்’ பொருந்தவே பொருந்தாது. ‘அண்ணன் டாக்டர், தம்பியோ விவசாயி’ என்கிறோமே, அந்த ‘ஓ’தான் வேர்ஆஸ். இரண்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது, அவ்வளவே. ‘சென்னை இஸ் ஹாட், வேர்ஆஸ் ஊட்டி இஸ் கோல்ட்’ சரி. அதையே ‘ஆல்தோ சென்னை இஸ் ஹாட்’ என்று தொடங்கினால், சென்னை சுடுவதால் ஊட்டியும் சுட்டிருக்க வேண்டும் என்று நினைத்ததுபோல ஆகிவிடும். ‘ஆன் த கான்ட்ரரி’யும் இங்கே வராது. அது முன்னால் சொன்ன கருத்தை மறுப்பதற்கு: ‘ஊட்டி இஸ் நாட் ஹாட். ஆன் த கான்ட்ரரி, இட் இஸ் ஃப்ரீஸிங்.’ ஆங்கிலப் பத்திரங்களின் தொடக்கத்தில் வரும் வேர்ஆஸ் தனிக் கதை. அது பின்னணியைச் சொல்லும் ‘இவ்வாறிருக்க’, அதில் எதிரெதிராகக் காட்டுவது எதுவுமில்லை.

சிபாரிசுக் கடிதம் எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. ‘ஆல்தோ ஹி இஸ் ஸ்லோ, ஹி இஸ் ஆக்யுரேட்’ என்றால் பாராட்டு. இரண்டையும் இடம் மாற்றி, ‘ஆல்தோ ஹி இஸ் ஆக்யுரேட், ஹி இஸ் ஸ்லோ’ என்று எழுதினால் வேலை கிடைப்பது சந்தேகம்.

அட்டவணையை மறுபடி வெளியிடுவதாக இருந்தால், ‘பொருள்’ பத்திக்குப் பக்கத்தில் ‘பின்னால் வருவது’ என்று இன்னொரு பத்தியும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.