ரீஜென்ட் வேறு, வைஸ்ராய் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பதினான்காம் லூயி சிறுவனாக இருந்தபோது பிரான்சின் ஆட்சிப் பொறுப்பை வகித்த அவருடைய தாய், அரசி ஆன் குறித்த விடைகளில் ஆண்டுதோறும் ஒரே பிழைகளைத் திருத்துகிறேன். மாணவர்கள் படிக்காமல் வருவதில்லை. நாம் கையில் கொடுக்கும் சொற்களே அவர்களை வழிதவறச் செய்கின்றன.

மன்னர் சிறுவராக இருக்கும்போது அவர் பெயரில் ஆட்சியை நடத்துபவரே ரீஜென்ட். அதை 'அரசப் பிரதிநிதி' என்கிறோம். வைஸ்ராய்க்கும் அதே சொல்தான். எனவே, தொலைவிலிருக்கும் மன்னர் அனுப்பிவைத்த ஆளுநராக அரசி ஆனை எண்ணிவிடுகிறார்கள். மன்னரோ அதே அரண்மனையில் வளர்ந்த குழந்தை. 1643 மே 14 அன்று பதின்மூன்றாம் லூயி இறந்ததுமே நான்கு வயது மகன் மன்னராகிவிட்டார். ஆணைகள் அவர் பெயரிலேயே பிறந்தன. 1651 பிப்ரவரியில், மன்னரை ஊரைவிட்டு அழைத்துச் சென்றுவிடுவார்களோ என்று அஞ்சிய பாரிஸ் மக்கள் நள்ளிரவில் அரண்மனைக்குத் திரண்டு வந்தபோது, படுக்கையில் கிடந்த சிறுவனைக் காட்டித்தான் ஆன் அவர்களை அமைதிப்படுத்தினார். பெண்கள் அரியணை ஏற முடியாத நாட்டில் அவர் எப்படி ஆண்டார் என்று கேட்கும் மாணவருக்கு நான் சொல்வது இந்தக் காட்சியைத்தான்.

'ஆஸ்திரியாவின் ஆன்' என்ற பெயரும் ஏமாற்றும். அவர் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் பிலிப்பின் மகள். ஆஸ்திரியா என்பது அவர் பிறந்த ஹாப்ஸ்பர்க் குலத்தைக் குறிக்கிறது. தம்பி ஆண்ட ஸ்பெயினுடன் நடந்துவந்த போரை அவர் நிறுத்தவில்லை என்பதன் கனம், இதை அறிந்தால்தான் புரியும்.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் பாரிஸ் 'பார்லமென்ட்'. அதை நாடாளுமன்றம் என்று எழுதுவது தவறு. பதவிகளை விலை கொடுத்து வாங்கிய நீதிபதிகள் அமர்ந்த உயர் நீதிமன்றம் அது. மன்னரின் ஆணைகளைப் பதிவுசெய்யும் உரிமையும் அதற்கு இருந்தது. இறந்த மன்னர் ஆனுக்கு விதித்த கட்டுப்பாடுகளை 1643 மே 18 அன்று நீக்கியதும், 1648-இல் வரிகளை எதிர்த்து நின்றதும் இதே மன்றம்தான். அதன் நீதிபதி புரூசெல் கைதானதும் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன. இதை அறியாதவர்கள், இப்படி மூண்ட 'ஃபிரோண்டு' என்னும் கலகத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் போராட்டமாக்கிவிடுகிறார்கள்.

ரீஜென்ட் ஆட்சி 1661 வரை நீடித்ததாக எழுதுவதும் பிழையே. பதின்மூன்று வயது நிறைந்ததும், 1651 செப்டம்பர் 7 அன்று லூயி உரிய வயதை எட்டியவராக அறிவிக்கப்பட்டார். 1661 முதலமைச்சர் மசரன் இறந்த ஆண்டு.

வரலாற்றுக் கட்டுரைகளை வெளியிடும்போது 'ரீஜென்ட்', 'பார்லமென்ட்' ஆகிய சொற்களை அப்படியே அச்சிட்டு, ஒரு வரி விளக்கமும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியர் ஒருவர்