லீவு விட்டாச்சு, செல்வி

மதுரை,
மே 16

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் புதன்கிழமை கைக்கு வந்தது. அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளைகளைக் கோடை முகாமில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். டெல்லி வெயிலில் பிள்ளைகளை வெளியே விடவும் முடியாது, உள்ளே வைத்தால் போனும் கையுமாக இருக்கிறார்கள் என்ற உன் கவலை நியாயம்தான். நீச்சல் மாதிரி வீட்டில் சொல்லித்தர முடியாததற்குத் தாராளமாகச் சேர்த்துவிடு. மற்றபடி, வீட்டில் நிஜமாகவே ஆக வேண்டிய வேலையில் அவர்களுக்கு ஒரு பங்கு கொடுத்துப் பார். சும்மா பொழுதைப் போக்க நாம் ஏற்பாடு செய்வது எது, நடந்தே ஆக வேண்டியது எது என்று பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

இந்த வருஷம் கூழ் வத்தலை எங்கள் பிள்ளைகளை வைத்துத்தான் போட்டோம். அரிசி மாவும் ஜவ்வரிசியும் சேர்த்து, பச்சை மிளகாய், பெருங்காயம், உப்பு போட்டு ராத்திரியே கூழ் காய்ச்சி வைத்தேன். விடிந்ததும் மொட்டை மாடியில் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்தோம். ஊற்றுவதற்கு முன்னால் மூத்தவன் கூழை நிறுத்து நோட்டில் குறித்துக்கொண்டான். சின்னவள் கரண்டியால் வட்டம் வட்டமாக ஊற்றினாள், காக்கா விரட்டவும் அவளேதான்.

மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தபோது, "காய வெச்சதை ஏம்மா மறுபடி நனைக்கிறே?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல், ஒரு வத்தலை அப்படியே உரிக்கச் சொன்னேன். இரண்டாக உடைந்து பாதி துணியிலேயே ஒட்டிக்கொண்டது. நனைத்த இடத்தில் முழுசாகக் கழன்று வந்தது. அதற்கப்புறம் தண்ணீர்ச் சொம்பை யாரிடமும் தரவில்லை. எல்லாம் மொறமொறவென்று காய்ந்ததும் மூத்தவன் மறுபடி நிறுத்தான். எடை இவ்வளவு இறங்கும் என்று அவன் நினைக்கவில்லை. தண்ணீர் எப்படி ஆவியாகப் போனது என்று அத்தைக்கு அவன் விளக்கிச் சொன்னதைக் கேட்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

மத்தியானத்தில் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. சொட்டு மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டே அத்தை குழியைத் தடவி எத்தனை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். நாலு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்ள வேண்டும் அல்லவா, அதைத் தவறவிடக் கூடாதென்றே சின்னவள் எல்லாக் குழியையும் மனசுக்குள் கூட்டிக்கொண்டிருக்கிறாள். எந்த ஒர்க்‌ஷீட்டும் அவளை இப்படிக் கணக்குப் போட வைத்ததில்லை.

ஒருநாள் கீழடிக்கும் போய் வந்தோம். 2023-இல் திறந்த அருங்காட்சியகம், நீ இன்னும் பார்க்கவில்லை. அங்கே பகடைக்காயும் பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகளும் வைத்திருக்கிறார்கள். சில்லைப் பார்த்ததும் "இது நம்ம பாண்டி ஆடுறது!" என்று சின்னவள் கத்தியே விட்டாள். மூத்தவன் 'ஆதன்' என்று பேர் கீறிய பானை ஓட்டின் முன்னால் வெகுநேரம் நின்றான். வீட்டுக்கு வந்து தமிழி என்ற அந்தப் பழைய தமிழ் எழுத்தின் அட்டவணையைத் தேடி எடுத்து, உடைந்த பூந்தொட்டி ஓட்டில் ஆணியால் தன் பேரைக் கீறினான். அந்த ஓடு இப்போது எங்கள் வாசல் திண்ணையில்தான் இருக்கிறது. நீ பிள்ளைகளோடு வரும்போது அவசியம் போக வேண்டும்.

இப்போது உன் வீட்டுக்கு ஒரு வேலை. ஏப்ரல் நடுவில் இங்கே நிழலில்லா நாள் வரும். உச்சி வேளையில் நிமிர்த்தி வைத்த டம்ளருக்குப் பக்கத்தில் நிழலே விழாது. டெல்லி கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் உங்களுக்கு அந்த நாள் கிடையவே கிடையாது. ஆனால் மதுரையும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் 2,200 வருஷத்துக்கு முன்னால் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டாரே, அதை நம் பிள்ளைகள் செய்யலாம்.

வரும் 24, ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வீட்டிலும் ஒரு மீட்டர் கம்பைச் செங்குத்தாக நட்டு, 12 மணியிலிருந்து 12.30 வரை மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலை அளக்கட்டும். ஆகக் குட்டையான நிழல்தான் கணக்கு. இப்போது உச்சி வேளையில் சூரியன் எங்களுக்கு வடக்கே இருப்பதால் எங்கள் நிழல் தெற்கே விழும், சுமார் 19 செ.மீ. உங்களுக்கு வடக்கே, சுமார் 14 செ.மீ. இந்த எண்ணைப் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதே. கம்பையும் நிழலையும் பேப்பரில் அளவுப்படி வரைந்து, கம்பின் உச்சியில் கோணமானி வைத்தால் ஆளுக்கொரு கோணம் கிடைக்கும். நிழல்கள் எதிரெதிர்த் திசையில் விழுவதால் இரண்டையும் கூட்ட வேண்டும். நேர்கோட்டில் நம் ஊர்களுக்கு நடுவே சுமார் 2,070 கி.மீ. அந்தக் கோணத்துக்கு இவ்வளவு தூரமென்றால் 360 டிகிரிக்கு எவ்வளவு? 40,000-ஐ ஒட்டி வர வேண்டும்.

கம்பு நேராக நிற்கிறதா என்று நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல். பிள்ளைகளுக்குத் தொப்பியும் மோரும் கொடுத்து அனுப்பு. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் போடுகிறேன், அளவுகளை அவர்களே சொல்லிக்கொள்ளட்டும். ஒரு டப்பா வத்தல் தனியாகப் பார்சலில் வருகிறது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
மீனா