நீ அனுப்பிய மனுவைப் படித்தேன்

அன்புள்ள கண்ணு,

மனுவின் நகல் வந்து சேர்ந்தது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். ஒரு மதக் குழுவுக்குள் வளர்ந்து நொந்துபோன, கூட வேலை பார்க்கிற தோழிக்காக, டோக்கியோவில் நீ இப்படி வரிந்துகட்டிக்கொண்டு நிற்பது அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. உனக்கு எதற்கு வம்பு என்று நான் சொல்லப்போவதில்லை. மனுவைப் போடு. ஆனால் இப்போது இருக்கிற மாதிரி போடாதே.

"இந்த மதக் கும்பலைத் தடை செய்" என்று தலைப்பு வைத்திருக்கிறாய். கீழே பத்தி பத்தியாகக் கோபம். யாரிடம் கேட்கிறாய், அவர் என்ன செய்ய வேண்டும் என்று எங்கேயும் இல்லை. கலெக்டர் ஆபீஸில் நான் வேலை பார்த்த காலத்தில் திங்கட்கிழமை என்றாலே குறைதீர்க்கும் நாள்தான். மனுவை வாங்கிப் பதிவு எண் போட்டு, எந்தத் துறைக்கு என்று மூலையில் எழுதி அனுப்ப வேண்டும். "எங்கள் ஊரில் அநியாயம் தலைவிரித்தாடுகிறது, ஐயா அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று நாலு பக்கத்துக்கு ஒன்று வரும். அதன் மூலையில் நான் என்ன எழுதுவது? அடுத்து ஒருவர் அரைப் பக்கம் கொண்டுவருவார். இந்த சர்வே எண், இந்த வண்டிப்பாதை, பக்கத்து நிலத்துக்காரர் வேலி போட்டுவிட்டார், அளந்து கல் நட்டுத் தர வேண்டும், பட்டா நகல் இணைத்திருக்கிறேன். அது அன்றைக்கே தாசில்தாருக்குப் போய்விடும். அதைச் செய்யாமல் இருக்க வேண்டுமென்றால் அவர் ஒரு காரணம் தேடியாக வேண்டும். இணையத்தில் போட்டாலும் மனு மனுதான்.

உன் தோழி வளர்ந்த குழு வேறு. என்றாலும் அங்கே யூனிஃபிகேஷன் சர்ச் என்ற, தென் கொரியாவில் தொடங்கிய மதச் சபையின் விஷயத்தில் நடந்ததை நீ ஊன்றிப் படிக்க வேண்டும். 2022 ஜூலை 8 அன்று நாராவில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டவனின் தாய், அந்தச் சபைக்குச் சுமார் 10 கோடி யென் காணிக்கை கொடுத்து, 2002-ல் திவாலானவர். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் கதையை அதற்கு முன்பே காது கொடுத்துக் கேட்க ஓர் இடம் இருந்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

உலகம் அன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்தது. முன்னோர் செய்த பாவம் உன்னைத் தொடர்கிறது என்று பயமுறுத்தி, ஜாடிகளையும் முத்திரைக் கட்டைகளையும் கொள்ளை விலைக்கு விற்றது பற்றிய வழக்குகளுக்காக ஜப்பானிய வழக்கறிஞர்கள் 1987-லேயே ஒன்றுசேர்ந்திருந்தார்கள். முப்பத்தைந்து வருஷமாக அவர்களிடம் கோப்புகள் சேர்ந்திருந்தன. 2022 அக்டோபரில் அவர்களும், அந்தச் சபைக்குள் பிறந்து வளர்ந்து வெளியே வந்தவர்களும் சேர்ந்து, இணையத்தில் கையெழுத்துச் சேர்க்கும் சேஞ்ச் டாட் ஆர்க் தளத்தில் மனு போட்டார்கள். அவர்கள் கேட்டது தடை இல்லை. மத நிறுவனங்கள் சட்டத்தின் 81-வது பிரிவின்படி, இந்தச் சபையின் நிறுவன அந்தஸ்தைக் கலைக்கச் சொல்லி அரசு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். கலைத்தாலும் கும்பிடுகிறவர்கள் கும்பிடலாம். சட்ட அந்தஸ்தும் வரிச் சலுகையும்தான் போகும். கேட்டது கச்சிதமாக இருந்ததால் யாரும் அதை மத சுதந்திரத்துக்கு எதிரானது என்று லேசில் தள்ளிவிட முடியவில்லை.

அந்த மாதமே அப்போதைய பிரதமர் கிஷிதா, 18-ஆம் தேதி, சிவில் சட்ட மீறல்களைக் காரணமாகக் காட்டி அந்தப் பிரிவின்படி கலைக்கக் கேட்க முடியாது என்றார். 19-ஆம் தேதி, முடியும் என்றார். நவம்பரில் அரசு முதல்முறையாக அந்தச் சபையிடம் சட்டப்படி கேள்வி கேட்டது. டிசம்பரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் அரசிடம் போய்ச் சேர்ந்தன. காணிக்கை வசூலைக் கட்டுப்படுத்தும் சட்டமும் அதே டிசம்பரில் நிறைவேறியது. 2023 அக்டோபரில் அரசு வழக்குப் போட்டது. 2025 மார்ச் 25 அன்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கலைப்பு உத்தரவு போட்டது. பாதிக்கப்பட்டவர்கள் 1,500 பேருக்கு மேல், இழந்த பணம் சுமார் 2,040 கோடி யென் என்று நீதிமன்றம் கணக்குச் சொன்னது. சபை மேல்முறையீட்டுக்குப் போனது.

இதெல்லாம் கையெழுத்தால் நடந்தது என்று நான் நினைக்கவில்லை. நடத்தியது அந்தக் கோப்புகள். ஆனால் கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்று அரசு காத்திருக்க முடியாதபடி செய்தது அந்த 2 லட்சம் பேர். உன் மனுவும் அந்த வேலையைச் செய்யலாம். கோப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்.

கோப்பு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானில் நீ எழுதியது உண்மை என்பது மட்டும் போதாது. உண்மையைச் சொன்னாலும் அவதூறு வழக்கு வரலாம். விஷயம் பொதுநலம் சார்ந்தது, பொதுநன்மைக்காகவே எழுதினேன், எழுதியது உண்மை என்று எல்லாவற்றையும் காட்டினால்தான் தப்பிக்கலாம். உன் நகலில் "மூளைச்சலவை செய்யும் கொள்ளைக்காரர்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடு. தீர்ப்பிலோ அரசு ஆவணத்திலோ இருப்பதை மட்டும் அப்படியே எழுது. அந்தக் குழுவில் இன்னும் இருக்கிற சாதாரண சனங்களைப் பற்றி ஒரு சுடுசொல்லும் வேண்டாம். உன் தோழியின் அம்மாவும் அவர்களில் ஒருவர்தானே. கையெழுத்துப் போடுகிறவர்கள் கீழே எழுதும் கருத்துகளையும் நீதான் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மக்களை அசிங்கமாகத் திட்டி நாலு பேர் எழுதிவிட்டால் மனுவின் மானமே போய்விடும்.

சரி, எதைக் கேட்பது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 2022 டிசம்பர் கடைசியில் அங்கே நலத்துறை அமைச்சகம் உள்ளாட்சிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. நரகத்துக்குப் போவாய் என்று மிரட்டிப் பிள்ளையைக் கூட்டத்துக்கு இழுத்துப்போவதும், வேண்டிய சிகிச்சையை மதத்தின் பேரால் மறுப்பதும் குழந்தை வதையில் சேரும், மதம் என்பதால் ஒதுங்கி நிற்காதீர்கள் என்று அதில் சொல்லியிருக்கிறது. உன் தோழி பள்ளிக்கூடம் படித்தபோது அது இல்லை. இப்போது இருக்கிறது. உன் வார்டில் எந்த ஆசிரியருக்கு அது தெரியும்? தெரியும்படி பயிற்சி கொடுங்கள், இப்படி வளரும் பிள்ளைகள் தைரியமாகப் போய்ப் பேச ஒரு ஆலோசகரை வையுங்கள் என்று வார்டு நிர்வாகத்திடம் கேள். அவர்கள் கையால் செய்யக்கூடிய வேலை இது. எந்தக் குழுவின் பெயரையும் தலைப்பில் போடாமலேயே கேட்கலாம். அப்புறம் அதைப் படிக்கிற ஒவ்வொருவரும், தம் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி யோசிப்பார்கள். விழிப்புணர்வு என்று நீ ஆசைப்படுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுக்காரி கேட்கலாமா என்று தயங்காதே. ஜப்பான் அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு எல்லோருக்கும் மனுக் கொடுக்கும் உரிமை தருகிறது, கொடுத்ததற்காக யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் இணையத்தில் சேரும் கையெழுத்து மட்டும் அங்கே முறையான மனு ஆகாது. பெயரும் முகவரியும் போட்டு எழுத்துமூலமாகக் கொடுக்க வேண்டும். வார்டு மன்றத்துக்கு முறையான மனு என்றால் ஓர் உறுப்பினர் அறிமுகப்படுத்த வேண்டும். அதனால் இப்போதே ஓர் உறுப்பினரைப் போய்ப் பார். இணைய மனுவில் சேரும் ஆதரவை அவர் கையில் கொடுக்கலாம். இன்னொன்று, கையெழுத்துப் போட்டவுடன் இதைப் பரப்பப் பணம் கொடுங்கள் என்று அந்தத் தளம் கேட்கும். அந்தப் பணம் தளத்துக்குப் போகிறது, பாதிக்கப்பட்டவர்களுக்கு இல்லை என்று மனுவிலேயே தெளிவாக எழுதிவிடு. காணிக்கையால் நொந்த பிள்ளைகளுக்காகப் போடும் மனுவில் பண விஷயம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும்.

கடைசியாக, உன் தோழியின் கதை. பெயரை மாற்றி எழுதியிருக்கிறாய், சரி. ஆனால் அவள் படித்த ஊர், அப்பாவின் தொழில், தம்பியின் வயசு எல்லாம் இருக்கிறது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் ஒரே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். 2022 அக்டோபரில் யூனிஃபிகேஷன் சர்ச்சில் வளர்ந்த ஒரு இளம்பெண், டோக்கியோவில் வெளிநாட்டு நிருபர்கள் முன்னால் புனைபெயரில் பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே, இவளுக்கு மனநலம் சரியில்லை, கூட்டத்தை நிறுத்துங்கள் என்று சபையிடமிருந்து கடிதம் வந்தது. அதில் அவளைப் பெற்றவர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவள் நிறுத்தவில்லை, பேசி முடித்தாள். அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அது அவளே எடுத்த முடிவு. உன் தோழிக்கு அந்த முடிவை நீ எடுக்க முடியாது. நகலை ஜப்பானிய மொழியில் அவள் கையில் கொடு. அவள் அடித்த வரி அடித்ததாகவே இருக்கட்டும். முழுக்கவே வேண்டாம் என்றால் அவள் கதை இல்லாமலே மனுவைப் போடு, வழிகாட்டுதல் ஒன்றே போதும்.

அவள் பார்த்து முடித்ததும் எனக்கு அனுப்பு. யாருக்கு, என்ன கோரிக்கை, என்ன இணைப்பு என்று முதல் மூன்று வரியிலேயே வந்துவிட்டதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா