கட்டடம் தந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: செட்டிநாட்டுக் கல்வி அறக்கட்டளையினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கும், உதவி பெறும் பள்ளிகளின் நிர்வாகக் குழுவினருக்கும், சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு சொந்த ஊர்ப் பள்ளிக்கு ஆண்டுதோறும் நன்கொடை அனுப்பும் முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருமயம் பகுதிகளின் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் உங்கள் குடும்பப் பெயர்களைச் சுவரில் காணலாம். வகுப்பறைக்குக் கல்வெட்டு உண்டு, சுற்றுச்சுவருக்கு உண்டு. சில இடங்களில் குழல் விளக்கின் பட்டையில்கூட 'உபயம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த உபயங்களின் நிழலில் படித்து, பிறகு அதே பகுதியில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆகவே கொடையைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வரும் கல்வியாண்டுக்கு நீங்கள் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை, அடுத்த கட்டடத்துக்கோ திறன் பலகைக்கோ போகுமுன், முதல் மூன்று வகுப்புகளில் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கு அவருடைய வகுப்பறையிலேயே தொழில் துணை கிடைக்கச் செலவிட வேண்டும் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதை ஒரு வரியை வைத்துக்கொண்டே விளக்கலாம். "கோழி வைக்கோலைக் கிளறிக்கொண்டிருக்கிறது" என்று தாளில் எழுதி, மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் மூவரிடம் தனித்தனியே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் குழந்தை "கே... ர... ழி" என்று தொடங்கித் திணறி நிற்கிறது. இரண்டாவது குழந்தை "கோழி வைக்கலக் கிளறிக்கிட்டிருக்கு" என்கிறது. மூன்றாவது குழந்தை அச்சில் உள்ளபடியே தங்குதடையின்றி வாசித்துவிடுகிறது; கோழி எதைக் கிளறுகிறது என்று கேட்டால் விழிக்கிறது. பெரும்பாலான வகுப்பறைகளில் முதல் இருவருக்கும் "தப்பு, திரும்பப் படி" என்பதும் மூன்றாமவருக்கு "ரொம்ப நல்லது" என்பதுமே விடையாகக் கிடைக்கும்.

உண்மையில் மூவருக்கும் மூன்று வெவ்வேறு தேவைகள் இருக்கின்றன. முதல் குழந்தை இடமிருந்து வலமாக நேர்மையாகத்தான் வாசித்திருக்கிறது. 'கோ' என்னும் எழுத்தில் இரட்டைக் கொம்பு முன்னால் நிற்கிறது, ககரம் நடுவில் நிற்கிறது, பின்னால் வரும் காலோ பார்வைக்கு ரகரம் போலவே இருக்கிறது. ஒலிக்கும் வரிசை ஒன்று, எழுதும் வரிசை வேறொன்று. கொம்பும் காலும் சேர்ந்து ஒரே உயிரொலியைக் குறிக்கின்றன என்பதை 'கே', 'கா', 'கோ' மூன்றையும் அருகருகே வைத்துக் காட்டி, பிறகு 'தே', 'தா', 'தோ' என்று வேறு மெய்களுக்கும் அதை விரித்துக் காட்டினால் அக்குழந்தையின் தடை நீங்கத் தொடங்கும்; முழுப் பாடத்தையும் பத்து முறை திரும்பச் சொல்ல வைப்பதால் நீங்காது. இரண்டாவது குழந்தை வாசிப்பின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டது. கண் பொருளை எடுத்துக்கொண்டது, வாய் வீட்டுத் தமிழில் அதைச் சொல்லிவிட்டது. அச்சில் உள்ள வடிவத்தை அதற்கு மெல்லச் சுட்டிக்காட்டினால் போதும். மூன்றாவது குழந்தைக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும். ஆனால் அந்தக் குழந்தையின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

வாசிப்பு ஆய்வாளர்கள் கஃப், டன்மர் ஆகிய இருவரும் 1986 இல் முன்வைத்த விளக்கம் இதற்குப் பொருந்துகிறது. எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டால் கிடைப்பதே வாசிப்பு என்றார்கள் அவர்கள். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது: இரண்டில் எது சுழியானாலும் விடை சுழிதான். முதல் குழந்தைக்கு ஒன்று குறைகிறது, மூன்றாவது குழந்தைக்கு மற்றொன்று குறைகிறது. எது குறைகிறது என்பதைக் காதால் கேட்டே பிரித்தறிந்து, அந்த நிமிடத்திலேயே அதற்குரியதைச் செய்வதுதான் வாசிப்பு ஆசிரியரின் தொழில். திறன் பலகையால் அதைச் செய்ய முடியாது.

தமிழுக்கென்று வேறு சில சிக்கல்களும் உண்டு. 247 எழுத்துகள் என்று சொல்லி மலைக்க வேண்டியதில்லை. உயிர், மெய், ஆய்தம், உயிர்மெய்க் குறிகள் என்று பிரித்தால் குழந்தை கற்க வேண்டிய வடிவங்கள் மிகக் குறைவு. ஆனால் உகர, ஊகாரக் குறிகள் கு, சு, து, மு என்று எழுத்துக்கு எழுத்து உருமாறுவதால் அவற்றை மட்டும் தனித்தனியே கற்பிக்க வேண்டியிருக்கிறது. வரிசையாகச் சொன்னால் 'க, கா, கி, கீ' என்று பாட்டாக ஒப்பிக்கும் குழந்தை, நடுவில் 'கூ'வை மட்டும் தொட்டுக் காட்டினால் விரலை மடக்கி முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வரும். அதற்கு எழுத்து தெரியாது, வரிசைதான் தெரியும். உயிர்மெய் அமைப்பு கொண்ட கன்னட எழுத்தை ஆராய்ந்து சோனாலி நாக் 2007 இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய எழுத்துகளைக் குழந்தைகள் முழுமையாகக் கைக்கொள்ள ஓரிரு ஆண்டுகளுக்கு மேல், நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று காட்டியது. முதல் வகுப்பிலேயே எழுத்து முடிந்துவிட வேண்டும் என்னும் நம் எதிர்பார்ப்பை இது சற்றுத் தளர்த்த வேண்டும். பிறகு 'கிளறிக்கொண்டிருக்கிறது' போன்ற நீண்ட சொற்கள் வருகின்றன. கிளறி, கொண்டு, இருக்கிறது என்று விரலால் மறைத்து மறைத்துப் பிரித்துக் காட்டும் ஆசிரியரிடம் அச்சொல் எளிதாகிவிடுகிறது.

இவற்றையெல்லாம் ஆசிரியர்கள் பயிற்சியில் கற்றிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். பயிற்சிகளுக்குக் குறைவில்லை. கொரோனாக் காலத்து இழப்பை ஈடுசெய்ய தமிழ்நாடு அரசு 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் வழியைத் தந்தது. ஆசிரியர் கையேடும் தந்தது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே பக்கம் என்ற பழைய வழக்கத்தைவிட அது எவ்வளவோ மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. குறை இருப்பது பயிற்சி வந்து சேரும் வழியில். மாநில அளவில் சிலர் கற்று, மாவட்டத்தில் சிலருக்குச் சொல்லி, அவர்கள் வட்டாரக் கருத்தாளர்களுக்குச் சொல்லி, கடைசியில் அரங்கில் அமர்ந்திருக்கும் ஆசிரியரிடம் வரும்போது கட்டகம் எனப்படும் பயிற்சி நூலின் தலைப்புகள் மிஞ்சுகின்றன, செய்முறை உதிர்ந்துவிடுகிறது. நான் போய்வந்த பயிற்சிகளில் சில மிக நல்லவை. ஆனாலும் அரங்கில் குழந்தை இருப்பதில்லை. 'கேரழி' என்று வாசிக்கும் குரலைக் கேட்காமல் அதைத் திருத்தப் பழகுவது எப்படி?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில், குழந்தைகள் தம் தாய்மொழியான செட்ஸ்வானாவில் வாசிக்கக் கற்கும் தொடக்கப் பள்ளிகளில், 2015 இலும் 2016 இலும் ஓர் ஆய்வு நடந்தது. 50 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை மைய இடத்தில் பயிற்சி அளித்தார்கள். வேறு 50 பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர் ஒருவர் ஏறத்தாழ மாதந்தோறும் வகுப்பறைக்கே சென்று துணை நின்றார். பாடத்திட்டக் குறிப்புகளும் வாசிப்புப் பொருள்களும் இரு தரப்புக்கும் ஒன்றே. இரண்டு ஆண்டுகள் கழித்து அளந்தபோது, எந்தத் துணையும் பெறாத பள்ளிகளோடு ஒப்பிட, பயிற்றுநர் வந்துபோன பள்ளிகளின் குழந்தைகளிடம் கண்ட கூடுதல் முன்னேற்றம் மற்ற தரப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. செலவும் கூடுதல்தான், அதனால்தான் உங்களிடம் வருகிறேன். வகுப்பறைத் துணைப் பயிற்சி பற்றிய 60 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018 இல் கிராஃப்டும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட மதிப்பீடு, இம்முறை பயன் தருகிறது என்பதோடு, மிகப் பெரிய திட்டமாக விரிக்கும்போது பயன் குறைகிறது என்றும் சொல்கிறது. அரசுக்கு இது இடைஞ்சலான செய்தி. பத்துப் பள்ளிகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளைக்கோ இதுவே சாதகம்.

வாசிப்புப் பயிற்றுநர் என்று நான் சொல்பவர் எப்படிப்பட்டவர் என்பதில் தெளிவு வேண்டும். அவர் பள்ளியை ஆய்வு செய்ய வரும் அலுவலர் அல்லர். மாதம் ஒருமுறை, தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிய நாளில் வருவார். முதலில் நான்கைந்து குழந்தைகளை ஒவ்வொருவராக அருகில் அமர்த்தி வாசிக்கச் சொல்லிக் கேட்பார். வகுப்பாசிரியரும் உடன் அமர்ந்து கேட்பார். பிறகு பயிற்றுநரே அரைமணி நேரம் பாடம் நடத்த, ஆசிரியர் பின்வரிசையிலிருந்து கவனிப்பார். அடுத்த வருகையில் அதே பகுதியை ஆசிரியர் நடத்துவார். முடிந்ததும் இருவரும் தனியே பேசிக்கொள்வார்கள்: எந்தக் குழந்தை எங்கே நின்றது, அடுத்த மாதத்துக்குள் மாற்ற வேண்டிய ஒரே ஒரு பழக்கம் எது என்று. ஒன்றுக்கு மேல் சொல்ல வேண்டாம். சொன்னால் ஒன்றும் நடக்காது. அந்தப் பேச்சு நிர்வாகத்துக்கோ அலுவலகத்துக்கோ அறிக்கையாகப் போகக் கூடாது. பள்ளிக்கு வெளியாள் வந்தால் பதிவேடுகளைத் தேடி எடுத்து அடுக்குவதுதான் எங்கள் அனிச்சைச் செயல். அந்த அச்சம் நீங்கினால்தான் "இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை" என்று ஓர் ஆசிரியர் வாய்திறந்து சொல்வார். பயிற்சி அந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது.

ஈராசிரியர் பள்ளிகளை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து வகுப்புகளை இருவர் பார்த்துக்கொள்ளும் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால், அன்று மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்கார வைத்துக்கொள்கிறார். அன்று பாடம் நடப்பதில்லை. பயிற்றுநரே பள்ளிக்கு வந்தால் இந்த இழப்பு இல்லை. உடன் ஒரு தன்னார்வலரையும் அனுப்பி வைத்தால், மற்றக் குழந்தைகளுக்குக் கதை வாசித்துக் காட்ட அவர் உதவுவார். அரசின் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று படிநிலைகளில் வந்த சிறு நூல்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீட்டில் சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அந்த ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் கதைப் புத்தகம் அலமாரியில் பூட்டியே இருக்கக் கூடாது என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன்.

பயிற்றுநருக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு விடை இப்பகுதியிலேயே இருக்கிறது. முதல் வகுப்பைப் பல ஆண்டுகள் எடுத்துத் தேர்ந்த ஆசிரியைகள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள். அவர்களில் சிலரைத் தேர்ந்து, காரைக்குடியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பேராசிரியர்கள், வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்கள் ஆகியோரின் துணையோடு வாசிப்புக் கற்பித்தலில் மறுபயிற்சி தரலாம். ஒரு வகுப்பறை கட்டும் செலவில், மதிப்பூதியத்தோடும் பயணப்படியோடும் ஒருவரைச் சில ஆண்டுகள் அமர்த்தலாம். உதவி பெறும் பள்ளிகளில் நிர்வாகமே நீங்கள் என்பதால் உங்கள் தீர்மானம் போதும். அரசுப் பள்ளிகளுக்குக் கல்வி அலுவலரின் அனுமதி தேவை. 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் நன்கொடையாளரும் அரசும் பேசிக்கொள்ள ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது.

பலனை அளக்காமல் பணம் கொடுக்கும் பழக்கம் இந்த ஊரில் இல்லை. ஆண்டு முடிவில் ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கைப் போட்டுப் பார்த்த மரபு உங்களுடையது. இதற்கும் போடலாம். கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு குழந்தையும் புதிய பத்தி ஒன்றை ஒரு நிமிடம் உரக்க வாசிக்கட்டும், அதன் பொருளைத் தன் சொற்களில் சொல்லட்டும், பயிற்றுநர் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பை வைத்துப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தக் கூடாது, பரிசும் அறிவிக்கக் கூடாது. பரிசு என்று வந்துவிட்டால் பத்தியை மனப்பாடம் செய்ய வைத்துவிடுவோம், எங்களை எங்களுக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகத் தொடங்குவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

இந்தக் கொடையில் பெயர் பொறிக்க இடமில்லை என்பது உண்மைதான். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தபோது, அங்கே வந்து வேலை செய்யப்போகும் அறிவியலாளர்களை எண்ணியே கொடுத்தார். 1953 இல் திறந்த அந்த நிலையத்தை நாம் இன்றும் நினைப்பது அதன் சுவர்களுக்காக அன்று.

உங்கள் அறக்கட்டளைகள் அடுத்த ஆண்டுக்கான செலவுத் திட்டத்தை வகுக்கும் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சாக்கோட்டை, கல்லல் ஒன்றியங்களில் அருகருகே உள்ள பத்துப் பள்ளிகளோடு ஜூன் மாதத்தில் தொடங்கலாம். எந்தப் பள்ளிகள், யார் பயிற்றுநர்கள், ஒரு மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்ற விவரங்களை எழுதித் தர நானும் ஓய்வு பெற்ற சில ஆசிரியர்களும் அணியமாக இருக்கிறோம். கூட்டத்துக்கு அழைத்தால் எங்கள் செலவில் வருவோம். வரும்போது மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் வாசிப்பதைப் பெற்றோர் ஒப்புதலோடு பதிவு செய்து கொண்டுவருகிறோம். முடிவெடுக்குமுன் அதைக் கால்மணி நேரம் கேட்க வேண்டும் என்பது மட்டுமே எங்கள் நிபந்தனை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்,
காரைக்குடி.