போஸ்ட்வில்லில் வீடு வாங்கியிருக்கும் மகனுக்கு

அன்புள்ள கார்த்தி,

நீ வீடு வாங்கியது பத்மா அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாலாஜி சிகாகோவிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனானாமே. சரி, வாங்கியது வாங்கியாயிற்று, அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்காதே என்றுதான் அப்பாவும் சொன்னார். ஆனால் காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவளுக்கு, பிள்ளை வீடு வாங்கிய ஊரின் பூர்வீகத்தைத் தோண்டாமல் கை சும்மா இருக்குமா? தோண்டினேன், தூக்கம் போனதுதான் மிச்சம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருக்கும் உன் போஸ்ட்வில்லின் ஆரம்பமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு ராணுவக் கோட்டைகளுக்கு நடுவே போகிற பாதையில் ஜோயல் போஸ்ட் என்பவர் ஒரு சத்திரம் நடத்தினார், அவர் பெயரே ஊருக்கு நின்றுவிட்டது. அப்புறம் சோளம், பால் மாடு, பன்றி என்று போயிருக்கிறது. எண்பதுகளில்தான் அடி விழுந்தது. எழுபதுகளில் நிலத்தின் விலை ஏற ஏற, அதை நம்பி வங்கிகள் கடன் கொடுத்தன, விவசாயிகளும் வாங்கினார்கள், திடீரென்று வட்டி எகிறியது, ஏற்றுமதி படுத்தது. அயோவாவில் 1981இல் சராசரியாக ஏக்கர் 2,147 டாலர் இருந்த நிலம் 1986இல் 787 டாலர். தம்பி, இது மொத்த மாநிலக் கணக்கு. ஊர் ஓரத்தில் வாங்கிய மனையை விலை ஏறும் ஏறும் என்று நம்பி நாம் பட்ட பாட்டை நீ மறந்திருக்க மாட்டாய். அதனால்தான் சொல்கிறேன், வாடகைக்கே இருந்திருக்கலாம்.

மூடிக்கிடந்த இறைச்சி ஆலையை 1987இல் புரூக்ளினில் கசாப்புக்கடை வைத்திருந்த ஆரோன் ரூபாஷ்கின் வாங்கினார். யூத மத முறைப்படி அறுக்கும் ஆலை. ஊரில் ஆலை இருந்தது, சுற்றிலும் மாடும் இருந்தது, யூத மதகுருக்களான ரப்பிகள் மட்டும்தான் இல்லை. அவர்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். வெட்டவும் கழுவவும் முதலில் ரஷ்யா, உக்ரைன் பக்கத்து ஆட்கள், பிறகு மெக்சிகோ, குவாத்தமாலா. பண்ணைக்காரரின் மாட்டுக்கு விலை, வீட்டுக்காரருக்கு வாடகை, கடைத்தெருவுக்கு வியாபாரம், பள்ளிக்குப் பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாகத்தான். கோஷர் என்று சொல்லும் இந்த யூத முறை இறைச்சிக்கு அமெரிக்காவிலேயே பெரிய ஆலையாக அது வளர்ந்தது.

2008 மே 12ஆம் தேதி காலையில் ஹெலிகாப்டரோடு குடியேற்றத் துறை அதிகாரிகள் வந்து, முறையான ஆவணம் இல்லாமல் ஆலையில் வேலை பார்த்தார்கள் என்று 389 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊரே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான்! வாட்டர்லூவில் மாட்டுக் கண்காட்சி நடக்கும் மைதானத்தில் அடைத்து, அங்கிருந்த நடனக் கூடத்தையே நீதிமன்றமாக்கி, பெரும்பாலோருக்கு ஐந்து மாதச் சிறை, அப்புறம் நாடு கடத்தல். கைக்குழந்தைக்காரிகள் சிலரைக் காலில் கண்காணிப்புக் கருவி மாட்டி விட்டுவிட்டார்கள். அவர்கள் வேலையும் பார்க்கக்கூடாது, ஊரை விட்டும் போகக்கூடாது. செயின்ட் பிரிட்ஜெட் தேவாலயம்தான் சோறு போட்டது. அதே நவம்பரில் ஆலை திவால். ஓடிப்போனவர்களின் வாடகை வீடுகள் காலி. அந்தச் சமயத்தில் அந்தத் தெருவில் சொந்த வீடு வைத்திருந்தவனை நினைத்துப் பார். அதிலும் கடனில் வாங்கியவனை.

அப்பா உன் கட்சி. மறு வருஷமே ஒரு கனடாக்காரர் ஆலையை வாங்கி அக்ரி ஸ்டார் என்று பெயர் வைத்து ஓட்டவில்லையா, சோமாலியாக்காரர்களும் பலாவ் தீவுக்காரர்களும் வந்து சேரவில்லையா, 2020 கணக்கில் ஜனத்தொகை 2,503 ஆகிவிடவில்லையா என்று என்னிடமே புள்ளிவிவரம் பேசுகிறார். நான் மறுக்கவில்லை. போன ஆள் போக வேறு ஆள் வந்து ஊர் பிழைத்துக்கொண்டது. ஆனால் ஊர் பிழைப்பது வேறு, அதில் இருந்த ஆள் பிழைப்பது வேறு இல்லையா?

கத்தி பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வீங்கி வருகிறவர்களைத்தான் அதிகம் பார்ப்பதாகப் போன பொங்கலுக்குப் பேசியபோது சொன்னாய். மொழி தெரியாத நோயாளியிடம் நீ பொறுமையாக உட்கார்ந்து கேட்பதை பாலாஜியே மெச்சிக்கொண்டானாம். எனக்கு அதில் பெருமைதான், பக்கத்து வீட்டு மாமியிடம்கூடச் சொல்லிவிட்டேன். ஆனால் வெளிநாட்டு டாக்டர் மூன்று வருஷம் கிராமத்தில் வேலை பார்த்தால் போதும், இரண்டு வருஷம் சொந்த நாட்டில் வந்து இருக்க வேண்டிய விசா நிபந்தனை விலகிவிடும் என்று நீதானே எனக்கு விளக்கினாய். அந்த மூன்று வருஷம் முடிந்துவிட்டதே. முடிந்ததைக்கூட நீ சொல்லவில்லை, நானே காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. 1946இல் அமைதி நோபல் பெற்றவர்களில் ஒருவரான ஜான் மோட் உன் ஊரில் வளர்ந்தவர், தெரியுமா? மரவியாபாரி மகன். 1938 டிசம்பரில் நம் தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுக்கு அவர்தான் தலைமை. போஸ்ட்வில்லில் வளர்ந்தவர் கப்பல் காலத்திலேயே தாம்பரம் வந்து போயிருக்கிறார். தாம்பரத்தில் வளர்ந்தவனுக்கு விமானம் இருந்தும் லீவு கிடைக்கவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. சித்தப்பா விஷயம் பழையபடிதான். குளிருக்கு ஹீட்டர், கூரை எல்லாம் ஒழுங்காகப் பார்த்து வாங்கினாயா? வாடகை என்றால் இந்தக் கவலையெல்லாம் வீட்டுக்காரனுக்கு. கடன் முடியும் வரை கையில் கொஞ்சம் பணம் தனியாக வை, ஆலையை மட்டும் நம்பாதே.

பத்மா அத்தை வீட்டைப் பற்றி நிறையச் சொன்னாள். அடுப்படி பெரியது, பின்னால் தோட்டம், தக்காளி வைத்திருக்கிறார்கள் என்றாள். வைத்திருக்கிறான் என்று சொல்லவில்லை, வைத்திருக்கிறார்கள் என்றாள். நான் திருப்பிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டாள். நான் கோபப்பட மாட்டேன் கார்த்தி, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். பத்திரத்தில் உன் பெயர் மட்டும்தானா, இன்னொரு பெயரும் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை கேமராவைப் போட்டுக்கொண்டு பேசு.

அம்மா