காலை ஏழரைக்கு இரவுச் சாப்பாடு

எடிசன், நியூஜெர்சி

அன்புள்ள ஸ்டெல்லா,

வாட்ஸ்அப்பில் பாதி பேசிவிட்டு, "மிச்சத்தைக் கடிதமா எழுதுட்டி, படிக்க நல்லாருக்கும்" என்று ஆர்டர் போட்டிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று. மூட்டுக்கு ஆபரேஷன் வேண்டாம், தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறாயே, நர்ஸாக ரிட்டயர் ஆனவள் பேசுகிற பேச்சா இது? இதையே ஒரு பேஷன்ட் சொல்லியிருந்தால் வார்டே அதிரக் கத்தியிருப்பாய். அண்ணன் சொல்வதையாவது கேள்.

அமெரிக்காக்காரர்கள் நிஜமாகவே பீட்சாவும் பர்கரும் தின்றுதான் உயிர் வாழ்கிறார்களா, வீட்டுச் சாப்பாடு என்று ஒன்றும் கிடையாதா என்று கேட்டிருந்தாய். உண்டு. வீட்டில் எத்தனை பேர் இன்னும் அதைச் சமைக்கிறார்களோ தெரியாது, டைனர் என்று இங்கே சொல்கிற சாதாரண ஓட்டலில் கட்டாயம் கிடைக்கும். நான் நைட் டியூட்டி முடிந்து போகிற ஒரு டைனர் இருக்கிறது, அதைப் பற்றியே எழுதுகிறேன்.

வெளியே தகதகவென்று எவர்சில்வர் தகடு, உள்ளே கவுன்டரை ஒட்டிச் சுழலும் ஸ்டூல்கள், ஜன்னலோரம் சிவப்பு ரெக்ஸின் தைத்த சோபா இருக்கைகள். பார்த்தால் ரயில் பெட்டி மாதிரி இருக்கும். பழைய ரயில் பெட்டியைத்தான் ஓட்டலாக்கிவிட்டார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லையாம். ஓட்டலாகவே ஃபாக்டரியில் செய்து, லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். இங்கே பக்கத்தில் எலிசபெத் ஊரில் ஜெர்ரி ஓ'மஹோனி என்பவருடைய கம்பெனி மட்டும் 1917-லிருந்து 1950-கள் வரைக்கும் சுமார் 2000 டைனர் செய்து விற்றிருக்கிறது. உலகத்துக்கே டைனர் தலைநகரம் நாங்கள்தான் என்று நியூஜெர்சிக்காரர்கள் பெருமை அடித்துக்கொள்வது சும்மா இல்லை.

எங்கள் டைனரில் ஒரு கிறுக்கு உண்டு. மேஜைக்கு மேஜை உப்பு, மிளகுத்தூள் ஜாடி வேறே வேறே. ஒன்றில் கோழியும் சேவலும், ஒன்றில் இரண்டு பூட்ஸ், இன்னொன்றில் முறைத்துக்கொண்டு இரண்டு பூனை. வாடிக்கையாளர்கள் எங்கே சுற்றுலா போனாலும் ஒரு ஜோடி வாங்கிவந்து கொடுப்பதாம். இடம் கொள்ளாமல் சுவர் அலமாரி முழுக்க நிரம்பியிருக்கிறது. போன தடவை ஊரிலிருந்து நான் கொண்டுவந்த தலையாட்டி பொம்மைகள் நடுத்தட்டில் இருக்கின்றன. உப்பு போட ஓட்டை கிடையாது என்று முதலாளி கேலி செய்தார், ஆனால் எடுத்துக்கொண்டார்.

அவர் கிரேக்கர். இந்தப் பக்கத்து டைனர்களில் பாதிக்கு மேல் கிரேக்கக் குடும்பங்கள் கை வைத்தவைதான் என்று தோன்றும். அதனால் மெனுவில் அமெரிக்கச் சாப்பாட்டுக்கு நடுவே கீரை வைத்த ஸ்பனகோபிடாவும் எட்டிப்பார்க்கும். மெனுவா அது? கல்யாண ஆல்பம் கனம் இருக்கும். இவ்வளவையும் எப்படிச் சமைக்கிறார்கள் என்று சந்தேகமாக இருந்தது. ஒரு நாள் கவுன்டரில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது, முக்கால்வாசி வேலை அந்த ஒரே தோசைக்கல்லில்தான் நடக்கிறது. பெரிய இரும்புக் கல். ஒரு ஓரம் சீவின உருளைக்கிழங்கைப் பரப்பி, வெண்ணெய் ஊற்றி, தொடாமல் விட்டுவிடுவார். அடிப்பக்கம் முறுகி முழுத் தகடாகப் பெயர்ந்து வரும்வரை கரண்டி அங்கே போகாது. அதற்குள் ஒற்றைக் கையில் முட்டை உடைத்து ஊற்றியாகிவிடும். போர்க் ரோல் என்று ட்ரென்டனில் 1856-லேயே ஜான் டெய்லர் என்பவர் ஆரம்பித்துவைத்த பன்றி இறைச்சி, நியூஜெர்சியின் குலதெய்வம். அதன் துண்டுகளைப் போடுமுன் ஓரத்தில் கத்தியால் கீறிவிடுவார். கீறாவிட்டால் சூட்டில் கிண்ணமாகக் குவிந்து, நடுப்பகுதி கல்லில் படாதாம். அதையும் முட்டையையும் சீஸையும் பன்னுக்குள் வைத்துத் தருவதுதான் இங்கே வேலைக்குப் போகிறவர்களின் காலைப் பலகாரம்.

ஆனால் எனக்குக் காலை ஏழரைக்குப் பலகாரம் வேண்டாம். ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வருகிறவளுக்கு அதுதானே ராச்சாப்பாடு! அந்த நேரத்தில் மீட்லோஃப் கேட்டால் அங்கே பரிமாறுகிற அம்மாள் புருவம்கூடத் தூக்க மாட்டாள், "மாஷ்டு பொட்டேட்டோதானே, ஹன்?" என்று எழுதிக்கொண்டு போவாள். பக்கத்து ஸ்டூலில் ஒருவர் பான்கேக்கில் மேப்பிள் சிரப் ஊற்றிக்கொண்டிருப்பார். இந்தக் கடைகள் பிறந்ததே இதற்காகத்தான். 1872-ல் ராட் ஐலன்டில் பிராவிடன்ஸ் என்ற ஊரில் வால்டர் ஸ்காட் என்று ஒருவர், பத்திரிகை ஆபீஸ் வாசலில் குதிரை வண்டியை நிறுத்தி, இரவு வேலைக்காரர்களுக்கு சான்ட்விச்சும், பை (pie) என்கிற உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட பண்டமும், காப்பியும் விற்றார். மற்ற ஓட்டல்கள் எல்லாம் அதற்குள் அடைத்துவிடுவார்கள். டைனர் வம்சத்துக்கு அவரைத்தான் மூதாதை என்கிறார்கள்.

மீட்லோஃப் என்னவென்று கேட்பாய். கொத்திய மாட்டிறைச்சியோடு ரொட்டித்தூள், வெங்காயம், முட்டை சேர்த்துப் பிசைந்து, ரொட்டி மாதிரியே அச்சில் வைத்து, மேலே கெட்சப் பூசிச் சுடுவது. பஞ்ச காலத்தில் கொஞ்சம் கறியை வைத்துக்கொண்டு வீடு முழுக்கப் பரிமாற வழி அது. கூடவே மசித்த உருளைக்கிழங்கு, நடுவில் குழி பறித்து அதில் கிரேவி. மாவை வெண்ணெயில் வறுத்து, கறி வெந்த சாற்றை விட்டுக் கொதிக்கவைத்தது. மிளகாய், மல்லி, ஒன்றும் கிடையாது. முதலில் எனக்கும் சப்பென்றுதான் இருந்தது. இங்கே உள்ள நம்மவர்கள் பலர் இன்றைக்கும் ஒரு வாய் வைத்துவிட்டு டபாஸ்கோ பாட்டிலைத் தேடுவார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சாப்பாட்டைக் காரத்தை வைத்து எடை போடக் கூடாது. களைத்துப்போய் வருகிறவனுக்கு மெல்லவே சிரமமில்லாமல், சூடாக, வயிறு நிறையப் போடுவது. ஹாஸ்டலில் ராத்திரி டியூட்டி முடிந்து நாம் வந்தால் ரசச் சோறு எடுத்துவைத்திருப்பாளே மெஸ் பாக்கியத்தக்கா, அதற்கு யார் காரம் பார்த்தார்கள்?

அரிசிப் பாயசமும் உண்டு, ரைஸ் புட்டிங். ஜில்லென்று கண்ணாடிக் கோப்பையில், ஏலக்காய்க்குப் பதில் மேலே பட்டைத்தூள். அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

காப்பி வற்றாது. அந்த அம்மாள் இரண்டு கண்ணாடிக் குடுவையோடு சுற்றிக்கொண்டே இருப்பாள். ஆரஞ்சு மூடி போட்டது கஃபீன் இல்லாதது. சங்கா என்ற பழைய கஃபீன் இல்லாத காப்பி பிராண்டின் நிறம் அப்படியே நாடு முழுக்க ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியவள் என்று தெரியும், கேட்காமலே எனக்கு ஆரஞ்சிலிருந்து ஊற்றுவாள். அறுபதைத் தாண்டியவள், நமக்கு அக்கா. அவளுக்குச் சம்பளம் எப்படி என்று தெரிந்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. மத்திய அரசுச் சட்டப்படி, டிப்ஸ் வாங்குகிறவர்களுக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-லிருந்து அதே தொகை. டிப்ஸ் சேர்த்தும் குறைந்தபட்சக் கூலி வராவிட்டால்தான் மீதியை அவர் போட வேண்டும். நியூஜெர்சியில் அதைவிடக் கூடுதல்தான், ஆனாலும் குடும்பம் நடத்துவது மேஜையில் நாம் வைத்துவிட்டுப் போகிற பணத்தில்தான். ஒரு மழைநாளில் கடை காலியாகக் கிடந்தால் அவளுக்குப் பாதிச் சம்பளம் போச்சு. சாப்பாட்டு விலைக்கு மேலே இருபது சதவீதம் வைப்பதை நம்மவர்கள் சிலர் தண்டம் மாதிரிப் பேசும்போது எனக்குப் பொறுக்காது.

கொரோனாவுக்குப் பிறகு நிறைய டைனர்கள் இருபத்துநாலு மணி நேரத்தை விட்டுவிட்டன. எங்களதும் இப்போது ராத்திரி பத்துக்கு அடைத்துக் காலை ஆறுக்குத்தான் திறக்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்கிறார் முதலாளி. எனக்கு ஏழரைக்குத் திறந்திருந்தால் போதும். மூன்று மணிக்கு ஷிஃப்ட் விடுகிறவர்கள் பாவம், பெட்ரோல் பங்க்கில் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஜெரோமுக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது, பாஸ்டனில். அவன் அப்பாவுக்கு சுகர் ஒழுங்காக இருக்கிறது, நான் பார்க்காதபோது பை சாப்பிடுகிறார் என்று சந்தேகம். உன் மகன் டல்லாஸுக்கு உன்னை ஜூனில் கூப்பிடுகிறான் என்றாயே, டிக்கெட் போடும்போது இந்த வழியாகப் போடச் சொல். மூட்டு சரியானால்தான் அந்த ஸ்டூலில் ஏறி உட்கார முடியும், சொல்லிவிட்டேன். டாக்டர் எந்தத் தேதி கொடுத்திருக்கிறார், மயக்க மருந்துக்கு டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்றா, உடனே எழுது. வரும்போது மோர் மிளகாய் கொண்டுவா.

பிரியமுடன்,
மேரி