எச்சரிக்கை பின்பக்கத்தில் இருந்தால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோபி பக்கம் வாழை வைத்திருக்கிறேன். மும்முனை மின்சாரத்துக்காக ராத்திரி முழுக்கக் கண்விழிக்க முடியாமல், போன மாசியில் கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினேன். கைப்பேசியிலிருந்தே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் பெட்டி அது.

தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் வசதி அதில் உண்டு. தண்ணீர் இறைக்கும்போது மோட்டார் எத்தனை ஆம்ப்ஸ் மின்சாரம் இழுக்கிறது என்று பெட்டிக்கு ஒருமுறை பழக்கிவிட வேண்டும். வெறுமனே சுற்றினால் ஆம்ப்ஸ் குறையும், உடனே நிறுத்திவிடும். கூட வந்த தாளில் 'மோட்டாரை இயக்கி உள்ளீட்டு விசையை ஐந்து நொடி அழுத்தவும்' என்றிருந்தது. பெட்டியில் அப்படி ஒரு விசையே இல்லை. 'செட்' என்று ஒரு பட்டன்தான் இருந்தது. சரி, இதுவாகத்தான் இருக்கும் என்று அழுத்தினேன். தாளின் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், 'குறிப்பு: குழாயில் தண்ணீர் முழுதாக வந்த பிறகே இதைச் செய்யவும்'. நான் அழுத்தியபோது தண்ணீர் மேலே ஏறவே இல்லை. வெற்று ஓட்டத்தையே சரியான ஓட்டம் என்று பெட்டி மனப்பாடம் செய்துகொண்டது. பங்குனியில் ஒரு ராத்திரி கிணறு வற்றியும் மோட்டார் நிற்காமல் ஓடி, சீல் கருகிப் போனது.

"தண்ணி வர்றதுக்கு முன்னாடியே அமுக்கிப் போட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்றார் மெக்கானிக். படித்துப் பார்க்கவில்லையா என்றும் கேட்டார். படித்ததால் வந்த வினைதானே இது!

1935இல் அமெரிக்காவில் போயிங்கின் சோதனை விமானம் ஒன்று கிளம்பியதும் விழுந்தது. நிறுத்தி வைக்கும்போது வால் பலகைகள் காற்றில் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். ஓட்டியவர் கைதேர்ந்த விமானி. இனி கவனமாக இருங்கள் என்று சொல்லி விட்டுவிடாமல், கிளம்பும் முன் பார்க்க வேண்டியதை வரிசையாக ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள்.

அதேபோல, என் தங்கை மகள் ஸ்டார்ட்டரோடு வந்த தாளையே நோட்டில் ஏழு வரியாகத் திருப்பி எழுதினாள். வரிக்கு ஒரு வேலை, பெட்டியில் உள்ள அதே பட்டன் பெயர், ஒவ்வொன்றும் முடிந்ததும் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பது. 'தண்ணீர் கொட்டுகிறதா என்று பார்' என்பதை அமுக்குவதற்கு முந்தைய வரியில் வைத்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதைப் பார்த்தே தன் பெட்டியைப் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.

இந்தக் கருவிக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. மானியப் பட்டியலில் சேர்க்கும் முன், தமிழ்த் தாளை ஒரு விவசாயி கையில் கொடுத்து, யாரும் வாய் திறக்காமல், அவரையே மாட்டச் சொல்லிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்